கார் ரிமோட் சாவி: பழுது பார்ப்பதும் மாற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிமோட் சாவி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அந்தச் சின்னக் கூட்டுக்குள் இருப்பவை மூன்று நான்கு தனித்தனிப் பொருள்கள். பூட்டைத் திருப்பும் உலோகத் தகடு ஒன்று. எஞ்சின் ஓட அனுமதி வாங்கித் தரும் இம்மொபிலைசர் சிப் இன்னொன்று. பட்டனை அழுத்தினால் கதவைத் திறக்கும் ரேடியோ மூன்றாவது. பொத்தான் ஸ்டார்ட் வண்டி என்றால், சாவி சட்டைப்பையில் இருக்கும்போதே வண்டி அதை அடையாளம் காண உதவும் ஆன்டெனாச் சுருளும் சேரும். ஒன்று கெட்டாலும் மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எது கெட்டது என்று பிரித்துப் பார்க்காமல் புதுச் சாவி வாங்கப் போவதுதான் இதில் நடக்கும் பெரிய வீண்செலவு. கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்தப் பிரித்தறிதலைச் சுற்றித்தான் இருக்கும்.

பட்டனை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ஆனால் சாவியைப் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

சிப்பும் ரேடியோவும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். இம்மொபிலைசர் சிப்புக்கு பேட்டரியே தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் (சில வகைகளில் 134.2) காந்தப்புலம் எழுப்பும். அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். ரேடியோ பகுதிக்கு மட்டும்தான் பேட்டரி. ஆகவே ஸ்டார்ட் ஆகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை என்றால் பேட்டரி, பேட்டரி பிடிக்கும் தகடு, பட்டன், ரேடியோ என்ற வரிசையில் தேடுங்கள். சிப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

தலைகீழாக: கதவு திறக்கிறது, ஸ்டார்ட்டர் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு வேகமாக மினுக்கினால் சிப் படிக்கப்படவில்லை என்று பொருள். அண்மையில் கூடு மாற்றியிருந்தால் சிப் பழைய கூட்டிலேயே தங்கியிருக்கும். இந்தப் புகாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். மற்ற காரணங்கள்: கீழே விழுந்து கண்ணாடிக் குழாய் வகைச் சிப் உடைந்தது, சாவிக்கொத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவி ஒட்டிக்கொண்டு குறுக்கே பேசுவது, இக்னிஷனைச் சுற்றிய சுருளே கெட்டது. முதலில் கொத்திலிருந்து சாவியைத் தனியாகக் கழற்றி முயன்று பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

குறை சாவியிலா, வண்டியிலா?

இரண்டாவது சாவியை எடுத்து முயலுங்கள். அது வேலை செய்தால் குறை முதல் சாவியில். இரண்டும் ஒரே நாளில் நின்றிருந்தால் சாவிகளை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள்: 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம், சென்ட்ரல் லாக் ஃபியூஸ் போயிருக்கலாம், ஏதாவது ஒரு கதவு சரியாக மூடாமல் இருக்கலாம். வண்டி பேட்டரி முழுவதும் செத்தால் எந்த ரிமோட்டும் கேட்காது. அதைச் சாவியின் குறை என்று நினைத்துக் கடைக்கு ஓடுபவர்கள் நிறைய.

ஒரே இடத்தில் நிறுத்தும்போது மட்டும் ரிமோட் முரண்டு பிடிக்கிறது என்றால் அக்கம்பக்கத்தில் அதே அலைவரிசையில் ஏதோ ஒரு கருவி ஓயாமல் ஒலிபரப்புகிறது. வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த பேட்டரி போட வேண்டும்? எண்களுக்கு என்ன பொருள்?

பெரும்பாலான சாவிகளில் இருப்பது 3 வோல்ட் லித்தியம் பட்டன் செல். எண்ணிலேயே அளவு இருக்கிறது. சிஆர்2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். சிஆர்2025 அதே விட்டம், 2.5 மி.மீ. தடிமன். சிஆர்2016 என்றால் 1.6 மி.மீ. சிஆர்1620 என்றால் 16 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும். சிஆர்2450 பெரியது: 24.5 மி.மீ., 5 மி.மீ.

2032 போட வேண்டிய இடத்தில் 2025 போட்டால் உட்காரும், வோல்டேஜும் ஒன்றே. ஆனால் 0.7 மி.மீ. இடைவெளி விழும், பை குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வரும். காகிதம் மடித்துச் சொருகுவது அந்த வேளைக்கு மட்டும். எதிர்த்திசையில், 2025 இடத்தில் 2032-ஐத் திணித்தால் பிடிக்கும் தகடு நிரந்தரமாக வளைந்துவிடும். பிறகு சரியான செல் போட்டாலும் அது ஆடும்.

எல்ஐஆர்2032 என்று எழுதியதை மட்டும் வாங்காதீர்கள். அது ரீசார்ஜ் செய்யும் வகை. முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும், 3 வோல்ட்டுக்கு என்று செய்த சர்க்யூட்டுக்கு அது ஆகாது.

பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று எப்படி அளப்பது?

மல்டிமீட்டரில் புது செல் 3.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 2.9-க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். ஆனால் சும்மா அளப்பது ஏமாற்றும். வயதான செல்லின் உள்மின்தடை ஏறியிருக்கும். சுமை இல்லாதபோது 3.0 காட்டிவிட்டு, பட்டனை அழுத்திய கணத்தில் படுத்துவிடும். 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை செல்லின் இரு முகங்களுக்கும் இடையே இரண்டு விநாடி பிடித்துக்கொண்டு அளந்தால் உண்மை வெளிவரும். நல்ல செல் 2.8 அளவில் நிற்கும். சோர்ந்தது 2.5-க்குக் கீழே சரியும். குளிரில் இந்த உள்மின்தடை இன்னும் கூடும். குளிர்ந்த காலையில் மட்டும் வேலை செய்யாத ரிமோட்டின் கதை இதுதான்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு எளிய அறிகுறி தூரம். முன்பு முப்பது அடியிலிருந்து திறந்த கதவு இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கிறது என்றால் செல்லைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பேட்டரியை நானே மாற்றலாமா?

தாராளமாக. கூட்டின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். பொத்தான் ஸ்டார்ட் சாவிகளில் உள்ளே ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவினால் அந்தத் துளையில்தான் பள்ளம் தெரியும். அதில் பிளாஸ்டிக் நெம்பி அல்லது துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து நெம்பாமல் திருப்புங்கள். நெம்பினால் கொக்கி உடையும். திருப்பினால் கூடு தானாகப் பிளக்கும். எங்கோ ஒரு சிறு திருகு ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செல்லை எடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறி மேலே இருக்க வேண்டுமா கீழேயா என்பது சாவிக்குச் சாவி மாறும். உலோக இடுக்கியால் செல்லின் இரு பக்கத்தையும் ஒருசேரப் பிடிக்காதீர்கள், அது ஷார்ட். புது செல்லை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துப் போடுவது நல்லது. காரணம் அடுத்த பதிலில்.

புது பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லை. சாவி போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் அவசரப்பட்டு நல்ல சாவியைத் தூக்கிப் போடுகிறார்கள். பார்க்க வேண்டியவை:

செல் தலைகீழாக இருக்கலாம். பல சாவிகள் இதைத் தாங்கும். சரியாகத் திருப்பிப் போட்டால் போதும்.

செல்லே பழையதாக இருக்கலாம். கடையின் அட்டையில் வருடக்கணக்கில் தொங்கியிருக்கும். அளந்து பாருங்கள்.

குழந்தைகள் வாயில் போட்டால் உடனே துப்பட்டும் என்பதற்காகச் சில செல்களின் மேல் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. சில சாவிகளின் தொடுதகடு சரியாக அந்தப் பூச்சு மேல் போய் நிற்கும். துடைத்தால் சரியாகும், இல்லையென்றால் பூச்சில்லாத செல் வாங்குங்கள்.

தொடுதகடு தளர்ந்திருக்கலாம். செல்லைப் போட்டதும் அது இறுக்கமாக அமர வேண்டும். தளர்ந்த நாக்கை நுனி மெல்லிய கருவியால் அரை மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட்டால் போதும். அந்தத் தகடு போர்டோடு சேரும் சால்டர் பற்றில் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய வட்டக்கோடு தெரிந்தால் அதுதான் குற்றவாளி. இந்த விரிசல் மிகப் பரவலானது. செல்லைப் போடும்போதும் எடுக்கும்போதும் எல்லா விசையும் அந்தப் பற்றுகள் மேல்தான் விழுகிறது.

பேட்டரியைக் கழற்றினால் சாவியின் புரோகிராம் அழிந்துவிடுமா? ஒரு நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்கிறார்களே?

அழியாது. சாவியின் அடையாளம் மின்சாரம் இல்லாமலும் நிலைத்திருக்கும் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வருடக்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்த சாவியும் செல் போட்டதும் பேசும். சில பழைய வண்டிகளில் மட்டும் மாற்றியபின் ஒத்திசைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் சாவியை இக்னிஷனில் ஒருமுறை போட்டுத் திருப்பி, பட்டனை அழுத்தினால் முடிந்துவிடும். கையேட்டில் இருக்கும்.

குழந்தை விளையாட்டாகப் பட்டனை நூறு தடவை அழுத்திவிட்டது. அதன் பிறகு கதவு திறக்கவில்லை.

ரிமோட் ஒவ்வொரு முறையும் வேறு குறியீட்டை அனுப்புகிறது. பழையதைப் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பித் திருட முடியாதபடி. சாவியில் ஒரு எண்ணி, வண்டியில் ஒரு எண்ணி. வண்டிக்குக் கேட்காத தூரத்தில் அழுத்தினால் சாவியின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். உதாரணமாக கீலாக் என்ற பரவலான முறையில் 16 எண்கள் வரை தாண்டியிருந்தால் வண்டி பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை சரியான வரிசையில் கேட்டால்தான் ஏற்கும். ஆகவே வண்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று முறை நிதானமாக அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு சரி. இல்லையென்றால் கையேட்டின் ஒத்திசைவு முறை.

பட்டன்களில் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை.

அப்படியானால் ரேடியோவும் பேட்டரியும் நலம். குறை அந்தப் பட்டனுக்குக் கீழே இருக்கிறது. கூட்டைத் திறந்து, ரப்பரை எடுத்துவிட்டு, போர்டில் உள்ள சுவிட்சை நேரடியாக நகத்தால் அழுத்துங்கள். கதவு திறந்தால் ரப்பர்தான் தேய்ந்திருக்கிறது, ரப்பர் அல்லது கூடு மாற்றினால் போதும். திறக்காவிட்டால் சுவிட்ச்.

செல்லைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வைத்து சுவிட்சின் இரு கால்களில் தொடுங்கள். அழுத்தும்போது ஒரு ஓமை ஒட்டி வர வேண்டும். நூற்றுக்கணக்கில் ஆடினால் உள்ளே இருக்கும் உலோகக் குமிழ் தேய்ந்துவிட்டது. சுவிட்ச் நன்றாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் அதன் கால் போர்டிலிருந்து விட்டிருக்கும். ஈயம் உருக்கி ஒட்டினால் போதும்.

சுவிட்ச் மாற்றும்போது நீள அகலத்தோடு உயரத்தையும் அளந்து வாங்குங்கள். நீள அகலம் பொருந்திவிட்டதே என்று உயரத்தை விட்டுவிடுவார்கள். கால் மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் ரப்பர் எட்டாது. கால் மில்லிமீட்டர் உயரமாக இருந்தால் கூட்டை மூடியதும் பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்; இரண்டு நாளில் புது பேட்டரி காலி.

கழற்றும் வேலைக்கு சால்டரிங் முனை 320 முதல் 350 டிகிரி செல்சியஸ். போர்டில் இருப்பது ஈயமில்லாப் பற்று, சுமார் 217 டிகிரியில்தான் உருகும். அதன் மேல் சிறிது 63/37 (63% வெள்ளீயம், 37% ஈயம்) ஈயக் கம்பியை உருக்கிக் கலந்தால் உருகும் வெப்பம் குறைந்து சுவிட்ச் எளிதாக எழும்பும். பற்று நன்றாக உருகி ஓட உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். இழுக்காதீர்கள், போர்டின் செம்புத் திட்டு கையோடு வந்துவிட்டால் பிறகு மயிரிழைக் கம்பி ஓட்டித்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

மிகப் பழைய சில சாவிகளில் சுவிட்சே இருக்காது. ரப்பரின் அடியில் உள்ள கருப்புக் கரித்துண்டு போர்டின் செம்புக் கோடுகளைத் தொடும். அங்கே ஆல்கஹாலால் துடைப்பதே வைத்தியம்.

கீழே விழுந்தது. அன்றிலிருந்து வேலை செய்யவில்லை.

வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடையக்கூடியவை இரண்டு. ஒன்று, அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல். அது சிறு உலோகப் பெட்டி போல இருக்கும். உள்ளே மெல்லிய குவார்ட்ஸ் சில்லு. விழுந்த அதிர்ச்சியில் விரியும். சாவிக்கு உயிர் இருக்கும், விளக்கு எரியும், ஆனால் காற்றில் எதுவும் போகாது. பல வடிவமைப்புகளில் 13.56 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 32 மடங்காக்கி 433.92 பெறுகிறார்கள். மேலே எழுதிய எண்ணைப் பார்த்து அதே எண் வாங்கிப் போட்டால் சாவி மீளும்.

இரண்டாவது, பொத்தான் ஸ்டார்ட் சாவிகளில் உள்ள கருப்புக் கட்டி போன்ற ஆன்டெனாச் சுருள். வண்டி அனுப்பும் 125 கிலோஹெர்ட்ஸ் அழைப்பைக் கேட்கும் காது அதுதான். அதன் நடுவில் உள்ள ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் கனமானது, எளிதில் நொறுங்குவது. விழும்போது போர்டிலிருந்து பிய்ந்து வரும் அல்லது உள்ளே மயிரிழைக் கம்பி அறும். அறிகுறி தெளிவானது: பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும், ஆனால் கைப்பிடியைத் தொட்டால் திறக்காது, வண்டிக்குள் “சாவி இல்லை” என்று காட்டும். சுருளின் கால்களுக்கு இடையே ஓம் அளந்தால் பத்துக்கணக்கிலிருந்து சில நூறு வரை ஏதாவது காட்ட வேண்டும். எதுவுமே காட்டாத சுற்று அறுந்தது. மூன்று திசைகளுக்கு மூன்று சுற்று இருக்கும். ஒன்று மட்டும் அறுந்தால் சாவியை ஒரு பக்கமாகப் பிடித்தால் கேட்கும், திருப்பினால் கேட்காது. இந்தக் குறும்பைப் பேய்வேலை என்று நினைத்துப் பலர் வண்டியின் கம்பிகளைக் குடைவதுண்டு.

துணியோடு சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டேன்.

பட்டனை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதல் வேலை செல்லைக் கழற்றுவது. தண்ணீரைவிட, தண்ணீரோடு சேர்ந்த மின்சாரம்தான் செம்பைத் தின்னும். சில மணி நேரத்திலேயே பச்சை பூக்க ஆரம்பிக்கும். கூட்டைத் திறந்து போர்டைக் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். ஆம், நனைந்ததை மறுபடி நனைக்கத்தான் வேண்டும். சோப்பும் உப்பும் போகாமல் காய்ந்தால் அவை ஈரத்தை இழுத்து மின்சாரத்தைக் கசியவிடும். பிறகு 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் மென்மையான பல் துலக்கியும். சுவிட்சுகளுக்கு அடியிலும் பேட்டரித் தகட்டுக்கு அடியிலும் விடாமல் தேயுங்கள். காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, புது செல் போடுங்கள்.

அரிசிப் பானையில் புதைப்பதால் பயனில்லை. அரிசி உப்பை எடுக்காது, மாவுத்தூள்தான் சேரும். கடல்நீரில் விழுந்தால் இதே வேலை, ஆனால் மணிக்கணக்கில் தள்ளிப்போட முடியாது.

கூடு உடைந்துவிட்டது, உள்ளே நலம். கூட்டை மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம். புரோகிராம் எதுவும் தேவையில்லை, ஏனென்றால் அடையாளம் முழுவதும் உள்ளேயே இருக்கிறது. வெற்றுக் கூடு வாங்கும்போது பட்டன்களின் எண்ணிக்கை, தகட்டின் வகை, பேட்டரி போர்டில் இருக்கிறதா மூடியில் இருக்கிறதா என்ற மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

பழைய கூட்டை எறியும் முன் ஒவ்வொரு மூலையையும் தடவிப் பாருங்கள். போர்டுக்கு வெளியே, கூட்டின் ஒரு சிறு குழியில், சுமார் 12 மி.மீ. நீளத்தில் கருப்பு ஆப்புத் துண்டு போலவோ சிறு கண்ணாடிக் குழாயாகவோ சிப் ஒட்டியிருக்கலாம். அதுதான் எஞ்சினுக்கு அனுமதி. குப்பை என்று போய்விட்டால் கதவு திறக்கும், வண்டி நகராது. பசையால் ஒட்டியிருந்தால் குத்திக் கிளப்ப வேண்டாம். கூட்டை அதைச் சுற்றி வெட்டி எடுங்கள். சில சாவிகளில் சிப் போர்டிலேயே இருக்கும், தனியாகத் தேடினால் கிடைக்காது. எதுவென்று தெரியாவிட்டால், புதுக் கூட்டை மூடி எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் வரை பழையதை வைத்திருங்கள்.

உலோகத் தகட்டைப் பிடித்திருக்கும் சிறு உருளை ஊசியை அதே தடிமனுள்ள உளிக்கம்பியால் (பின் பஞ்ச்) தட்டி வெளியேற்ற வேண்டும். ஆணியால் தட்டினால் துளை விரிந்து தகடு ஆடும். கூட்டோடு வரும் தகடு வெட்டப்படாத வெற்றுத் தகடு. உங்கள் பழைய தகட்டை மாற்றிப் போடுவதே மேல்.

மடக்கும் சாவி வெளியே துள்ளி வருவதில்லை.

ஸ்பிரிங் முறுக்கு விட்டிருக்கிறது. திறந்து, பட்டனையும் ஸ்பிரிங்கையும் ஒன்று முதல் இரண்டு சுற்று முறுக்கிப் பிடித்தபடி மறுபடி மூட வேண்டும். எந்தப் பக்கம் முறுக்குவது என்பதைத் திறக்கும்போதே கவனியுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஸ்பிரிங் முகத்துக்குப் பறக்கும்.

என் சாவியில் பேட்டரி மாற்றும் வழியே இல்லை, கூடு முழுக்க ஒட்டியிருக்கிறது.

அப்படியும் உண்டு. பிஎம்டபிள்யூ இ46 காலத்துச் சாவிகளில் விஎல்2020 என்ற ரீசார்ஜ் செல் போர்டோடு பற்றவைத்து வந்தது. சாவி இக்னிஷனில் இருக்கும்போது அங்குள்ள சுருள் வழியாகவே சார்ஜ் ஏறும். அதிகம் ஓட்டாத வண்டியில் அது தீர்ந்துபோவது இயல்பு. முதலில் நீண்ட தூரம் ஓட்டிப் பாருங்கள். சார்ஜே பிடிக்கவில்லை என்றால் ஒட்டுக்கோட்டில் மெல்லிய கத்தியால் கீறித் திறந்து, காலோடு வரும் அதே விஎல்2020-ஐப் பற்றவைக்க வேண்டும். அதன் இடத்தில் சாதாரண சிஆர்2032 போடக்கூடாது: சார்ஜ் ஏற்றப்படக் கூடாத செல்லுக்குள் சார்ஜ் போகும், வீங்கும், கசியும். காலில்லாத செல் மீது நேரடியாக சால்டரிங் முனையை வைப்பதும் அதே ஆபத்து.

பேட்டரி இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வருவதில்லை.

பொத்தான் ஸ்டார்ட் சாவியை நிறுத்திய வண்டிக்குச் சில அடிகளுக்குள் மாட்டி வைத்தால் இரண்டும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. டிவி, கணினி, சார்ஜர் போன்றவற்றின் பக்கத்தில் வைத்தாலும் அவற்றின் இரைச்சல் சாவியை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அதன்பிறகும் தீர்ந்தால், அழுந்தியே நிற்கும் பட்டனையும் பழைய ஈரத்தால் வந்த கசிவையும் தேடுங்கள்.

வெளியே நிற்கிறேன், சாவியின் பேட்டரி செத்துவிட்டது. வண்டியை எடுக்க வழி?

பொத்தான் ஸ்டார்ட் சாவிக்குள் ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கிறது. பக்கவாட்டில் உள்ள சிறு கொக்கியைத் தள்ளி உருவுங்கள். ஓட்டுநர் கதவில் துளை தெரியவில்லை என்றால் கைப்பிடியின் முனையில் உள்ள மூடியை நெம்புங்கள், அதன் பின்னால் இருக்கும். கதவு திறந்ததும் அலாரம் அலறலாம். எஞ்சின் ஓடியதும் அலாரம் நிற்கும்.

ஸ்டார்ட் செய்ய, செத்த பேட்டரியோடும் வேலை செய்யும் சிப் உள்ளே இருக்கிறது. அதைச் சுருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். டொயோட்டாவில் பிரேக்கை மிதித்து, சாவியின் சின்னம் உள்ள முகத்தை ஸ்டார்ட் பொத்தானில் தொட்டு, சத்தம் வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். ஹூண்டாய், கியா வண்டிகள் பலவற்றில் சாவியாலேயே பொத்தானை அழுத்தலாம். பிஎம்டபிள்யூவில் ஸ்டீயரிங் தண்டின் மேல் சாவிப் படம் குறித்த இடம். வேறு சிலவற்றில் நடுப்பெட்டிக்குள் ஒரு குழி. உங்கள் வண்டியில் எந்த இடம் என்று இன்றே கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேடக்கூடாத பக்கம் அது.

புதுச் சாவி வாங்கும்போது என்னென்ன ஒத்துப்போக வேண்டும்?

தோற்றத்தை நம்பாதீர்கள். ஒரே அச்சில் வார்த்த கூட்டுக்குள் மூன்று வகை போர்டு வரும். பார்க்க வேண்டியது: அலைவரிசை, சிப்பின் வகை, போர்டில் அச்சிட்ட பாக எண். வட அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் செய்த வண்டிகளில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவுக்கும் உலகின் பல பகுதிகளுக்கும் 433.92, சில ஐரோப்பிய வண்டிகளில் 868. இறக்குமதி வண்டி என்றால் நீங்கள் இருக்கும் நாட்டை வைத்துச் சாவி வாங்கினால் தவறும். வண்டி எந்தச் சந்தைக்குச் செய்யப்பட்டதோ அதுவே கணக்கு. 433 சாவியை 315 வண்டிக்கு எந்தக் கருவியாலும் புரோகிராம் செய்ய முடியாது. கேட்கவே கேட்காது.

இன்னொரு வண்டியிலிருந்து எடுத்த பழைய சாவி மலிவாகக் கிடைக்கிறது.

பல தயாரிப்புகளில் சாவி முதல் வண்டியோடு சேர்ந்ததும் அதற்கே பூட்டப்படும். மறுபடி வெள்ளைத்தாளாக்கும் கருவிகள் சில வகைகளுக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. சாவி செய்பவரிடம் “இந்த எண்ணை அன்லாக் செய்ய முடியுமா” என்று கேட்ட பிறகே வாங்குங்கள். கூட்டுக்காகவும் சுவிட்சுக்காகவும் வாங்குவது மட்டும் எப்போதும் பயனுள்ளது.

புரோகிராமை வீட்டிலேயே செய்யலாமா?

ரேடியோ பகுதியை, சில வண்டிகளில் ஆம். இக்னிஷனை இத்தனை முறை போட்டு நிறுத்தி, கதவுப் பூட்டு தானாக ஒருமுறை ஏறி இறங்கியதும் சாவியின் பட்டனை அழுத்த வேண்டும் என்பது போன்ற சடங்கு கையேட்டில் இருக்கும். நேரக் கணக்கு கறாரானது; பாதியில் தவறினால் முதலிலிருந்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல வண்டிகள் இந்த முறைக்குள் நுழைந்ததும் பழைய ரிமோட்டுகள் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கடைக்குப் போனாலும் இதே பேச்சுதான்.

இம்மொபிலைசர் சிப்பைச் சேர்க்க பெரும்பாலும் ஓபிடி துளையில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான இணைப்புத் துளை) செருகும் கருவியும், வண்டிக்கென்று உள்ள ரகசிய எண்ணும், சில தயாரிப்புகளுக்கு இணைய வழி அனுமதியும் வேண்டும். அந்த வேலை நடக்கும்போது இக்னிஷன் நீண்ட நேரம் எஞ்சின் ஓடாமல் எரிந்துகொண்டிருக்கும். 12 வோல்ட் பேட்டரி பாதியில் சரிந்தால் எழுதிக்கொண்டிருந்த நினைவகம் அரைகுறையாக நின்று, சாவிச் செலவு வண்டியின் கம்ப்யூட்டர் செலவாக மாறும். சார்ஜர் மாட்டிவிட்டுத் தொடங்குபவரிடம் வண்டியைக் கொடுங்கள்.

ஒரே ஒரு சாவிதான் இருக்கிறது. இரண்டாவது அவசியமா?

அவசியம். அதுவும் இருக்கும் சாவி வேலை செய்யும்போதே. வேலை செய்யும் சாவி கையில் இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது சின்ன வேலை. ஒன்றும் இல்லாத நிலையில் தொடங்குவது வேறு தரம்: உரிமைச் சான்று, வண்டியின் சேசிஸ் எண், தகட்டின் வெட்டு எண், ரகசிய எண் எல்லாம் வேண்டும், சிலவற்றில் இம்மொபிலைசர் பெட்டியைக் கழற்றி நினைவகத்தை நேரடியாகப் படிக்க நேரும். பழைய ஜிஎம் வண்டிகள் சிலவற்றில் 10 நிமிடமாக மூன்று முறை, மொத்தம் அரை மணி காத்திருந்தால்தான் புதிதாகக் கற்கும். ஃபோர்டின் பல மாடல்களில் ஏற்கனவே சேர்த்த இரண்டு சாவிகள் இருந்தால் மூன்றாவதை நீங்களே சேர்க்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் கருவி வேண்டும்.

நகல் எடுத்த சிப்புக்கும் புதிதாகச் சேர்த்த சிப்புக்கும் வேறுபாடு உண்டா?

உண்டு. நகலில் இரண்டு சாவிகளுக்கும் ஒரே அடையாளம். வண்டிக்கு அவை ஒன்றே. ஒன்று தொலைந்து அதை அழிக்கச் சொன்னால் கையில் இருப்பதும் சேர்ந்து செத்துவிடும். நகல் சிப்போடு ரேடியோ வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

தகட்டை வெட்டும்போதும் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டச் சொல்லாதீர்கள். தேய்மானமும் சேர்ந்து நகலாகும், புதுச் சாவி முதல் நாளிலிருந்தே சிக்கும். வெட்டு எண்ணை வைத்து வெட்டினால் தொழிற்சாலை அளவு கிடைக்கும்.

தொலைந்த சாவியை வைத்து யாராவது வண்டியை எடுக்க முடியுமா? பிறகு அது திரும்பக் கிடைத்தால்?

வண்டியின் நினைவகத்திலிருந்து அந்தச் சாவியை அழித்துவிட்டால் கதவை ரிமோட்டில் திறக்கவும் முடியாது, எஞ்சினை ஓட்டவும் முடியாது. ஆனால் உலோகத் தகடு பூட்டைத் திருப்பும். அதைத் தடுக்க கதவின் பூட்டையே மாற்ற வேண்டும். வண்டிக்குள் விலையுள்ளதை வைக்காமலிருப்பது மலிவு.

அழித்த சாவி சோபா இடுக்கில் கிடைத்தால் எறிய வேண்டாம். அது அதே வண்டிக்குரியது என்பதால் கருவி வைத்திருப்பவர் பெரும்பாலும் மறுபடி சேர்த்துவிட முடியும். அதற்கு முன் செல்லை மட்டும் மாற்றுங்கள்.